பூர்விகம் சொல்லும் மார்க்கர்கள்: மிச்சமிருக்கும் டி.என்.ஏ.வை எதற்குச் செலவிடுவது?

குற்ற இடத்துத் தடயத்தின் எஸ்.டி.ஆர். புரொஃபைல் (டி.என்.ஏ.யில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களை எண்ணி ஆளை அடையாளம் காணும் முறை) டேட்டாபேஸில் யாரோடும் பொருந்தவில்லை. டியூபில் மிச்சம் ஒரு நானோகிராம் சொச்சம். தடயத்தை விட்டவரின் பூர்விகமாவது தெரியுமா என்று விசாரணைத் தரப்பு கேட்கிறது. வழிகள் உண்டு, எல்லாவற்றுக்கும் டி.என்.ஏ. போதாது.

கையிலுள்ள எஸ்.டி.ஆர். முடிவையே மக்கள்தொகைத் தரவோடு ஒப்பிடுவதற்குச் செலவே இல்லை. ஆனால் அந்த மார்க்கர்கள், அதாவது டி.என்.ஏ.யில் ஒப்பிடப் பார்க்கும் இடங்கள், ஆளுக்கு ஆள் வேறுபடவேண்டும் என்று பொறுக்கியவை. கூட்டத்துக்குக் கூட்டம் அவ்வளவாக வேறுபடாது. கண்டம் அளவில் ஒரு சாய்வு தெரியும், அவ்வளவுதான்.

தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஒரு செல்லிலேயே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். வேரில்லாத முடி, பழைய எலும்பு என்றால் வேறு யோசனையே வேண்டாம். கலப்புத் தடயத்தில் ஆண் வழியை மட்டும் பிரிக்க, தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம். இரண்டுக்கும் ஒரே குறை: பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 மூதாதையர் இடங்கள், தாய்வழியும் தந்தைவழியும் ஆளுக்கொன்றைத்தான் பார்க்கின்றன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அரிதான ஏ1 ஒய் வம்சம், யார்க்‌ஷயரைச் சேர்ந்த அரிய குடும்பப்பெயர் ஒன்றைத் தாங்கிய வெள்ளையரிடம் இருந்ததை 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒய்யை மட்டும் நம்பியிருந்தால் தேடல் எங்கோ போயிருக்கும்.

என் தேர்வு, பூர்விகத்துக்கென்றே பொறுக்கிய எஸ்.என்.பி. (டி.என்.ஏ.யில் ஒற்றை எழுத்து மாறும் இடம்) தொகுப்பு. நகலெடுக்க வேண்டிய துண்டுகள் சிறியவை என்பதால் சிதைந்த மாதிரியிலும் பெருகும். டஃபி மரபணுவின் ஆர்.எஸ்.2814778 என்ற எஸ்.என்.பி.யில் ஓர் அல்லீல் (அந்த இடத்தில் வரக்கூடிய மாற்று வடிவங்களில் ஒன்று) சகாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு, பிற இடங்களில் அரிது. லூசியானாவில் 2003இல், வெள்ளையரைத் தேடிக்கொண்டிருந்த தொடர்கொலை விசாரணையைத் திருப்பியது இவ்வகைச் சோதனைதான்: தடயத்தை விட்டவரின் பூர்விகம் 85% ஆப்பிரிக்கர், 15% அமெரிக்கப் பூர்வகுடி என்றது.

சறுக்கும் இடங்களும் இதில்தான் அதிகம். ஐரோப்பாவைக் காட்டுவதாகச் சொல்லப்படும் எஸ்.எல்.சி.24ஏ5 என்ற தோல்நிற மரபணுவின் அல்லீல் தெற்காசியாவிலும் தாராளம். இவ்விரண்டையும் பிரிக்கவே யூரேஷியாபிளெக்ஸ் என்று 23 எஸ்.என்.பி.களைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒப்பீட்டுத் தரவில் சரியான கூட்டம் இல்லாவிட்டாலும் மென்பொருள் வாய்மூடி இருக்காது. இருப்பதில் கிட்டத்ததைச் சொல்லும்.

இன்னொன்று. கிழக்காசியர் ஒருவருக்கும் ஐரோப்பியர் ஒருவருக்கும் பிறந்தவரும், பல தலைமுறையாகக் கலந்த மத்திய ஆசியரும் கூட்டங்களை மரபணு ஒற்றுமைப்படி புள்ளிகளாகக் காட்டும் வரைபடத்தில் ஒரே இடத்தில் விழலாம். அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு, இரு கூட்டங்களுக்கும் இடையே முற்றாக வேறுபடும் மார்க்கர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் தலைமுறை என்றால் ஏறக்குறைய எல்லாமே ஹெட்டரோசைகஸ் (தாய், தந்தையிடமிருந்து வந்த இரு அல்லீல்களும் வேறு வேறு). பழைய கலப்பு என்றால் ஹோமோசைகஸும் (இரண்டும் ஒன்றே) இடையிடையே வரும்.

டி.என்.ஏ. குறைந்து ஓர் அல்லீல் சோதனையில் பதிவாகாமல் விடுபட்டால் ஹெட்டரோசைகஸும் ஹோமோசைகஸாகத் தெரியும். மேலே சொன்ன அடையாளமே கெட்டுவிடும். எனவே இரண்டு நானோகிராம் இருந்தால் இரண்டு முறை ஓட்டுங்கள். ஒன்றுதான் என்றால் பாதி பாதியாகப் பிரிக்காமல் ஒரே ஓட்டத்தில் போடுங்கள்.