தஞ்சாவூர் நரம்பு டாக்டர், டோக்கன் 47

காலை ஆறு மணிக்கு நேரில் வந்து நோட்டில் பேர் எழுதினால்தான் சாயங்காலம் டாக்டரைப் பார்க்க முடியும். இதைத் தெரிந்துகொள்ளவே நாலு நாள் விடாமல் போன் அடிக்க வேண்டியிருந்தது.

"அப்பாயின்ட்மென்ட் எதுவும் கிடையாதாங்க?" என்று கேட்டேன்.

"அந்த நோட்டுதான் சார் அப்பாயின்ட்மென்ட்."

எங்கள் ஊர் கொரடாச்சேரிக்குப் பக்கத்தில். அங்கிருந்து தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். நடுவில் நீடாமங்கலம் ரயில்வே கேட். டெல்டாக்காரர்களிடம் அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பேர் எழுத ஒரு நடை, டாக்டரைப் பார்க்க ஒரு நடை என்றால் ஒரே நாளில் அந்த கேட்டை நாலு தடவை கடக்க வேண்டும். விடிகாலை நாலரைக்கே கிளம்பினேன். அப்படியும் கேட் போட்டிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி முன்னால் போய், நின்று, யோசித்து, பின்னால் வந்தது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கி டீ குடிக்கும் வழக்கம் மட்டும் நான் காலேஜ் போன காலத்தில் இருந்து மாறவில்லை. நானும் குடித்தேன். டீ நன்றாக இருந்தது, அது வேறு கோபம்.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். இறக்கிய ஷட்டருக்கு முன்னால் ஆள், செருப்பு, தண்ணி பாட்டில், ஒரு செங்கல் எல்லாம் வரிசையில் இருந்தன. செங்கலுக்கு 31ஆம் நம்பர் கிடைத்தது. அதன் சொந்தக்காரர் எதிர்க்கடையில் நிம்மதியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு 47.

நான் இப்போது இருக்கிற லண்டனில் என்னுடைய ஒற்றைத் தலைவலிக்கு நரம்பு டாக்டரைப் பார்க்க 29 வாரம் ஆனது. 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இங்கிலாந்தில் ஒரு கணக்கு இருக்கிறது, அது பேப்பரில் மட்டும். ஆனால் அந்த 29 வாரமும் நான் என் வீட்டில் என் வேலையைப் பார்த்தேன். பத்து நாற்பதுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது, பத்து ஐம்பத்தைந்துக்குக் கூப்பிட்டார்கள். இங்கே ஒரே நாளில் பார்த்துவிடலாம். அந்த ஒரு நாளைத்தான் முழுசாகப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

சரி, எதற்காக இவ்வளவு. அப்பாவின் கையெழுத்துக்காக.

அப்பாவுக்கு 74 வயது. கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்தவர். நகைக்கடன் ரசீதில் அவர் போடும் கையெழுத்துக்குக் கடைசியில் வைக்கோல் பிரி மாதிரி ஒரு வால் நீளும். போன வருஷக் கடைசியில் வங்கியில் பணம் எடுக்கும் சலானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று. அம்மா அதை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார். வால் இல்லை. எழுத்து எறும்பு எறும்பாகச் சுருங்கிப் போயிருந்தது. தை பிறந்ததும் நான் வந்து இறங்கியபோது கை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. தம்ளரைப் பிடித்தால் காப்பியில் அலை அடிக்கிறது. நடை குறுகி, தரையைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறார். முகத்தில் சிரிப்பு வருவதற்கு ஒரு நிமிஷம் ஆகிறது.

ஊரில் ஆளுக்கொரு பேர் வைத்தார்கள். நரம்புத் தளர்ச்சி என்றார் சித்தப்பா. (பஸ் ஸ்டாண்டு சுவர் விளம்பரங்களைப் படித்து வளர்ந்த எனக்கு அந்த வார்த்தையை அப்பாவோடு சேர்த்துக் கேட்க ஒரு மாதிரி இருந்தது.) பக்கத்தில் இருக்கும் டாக்டர் பத்து நரம்பு ஊசி போட்டார். பெரியப்பா பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்து கொடுத்தார். நான் லண்டன்காரன் இல்லையா, வந்த முதல் வாரமே எம்ஆர்ஐ எடுக்க வைத்தேன். ஏழாயிரம் ரூபாய். வயதுக்கேற்ற மாற்றங்கள் என்று எழுதி, பாய் அளவுக்கு ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். கை நடுங்கி, நடை மெதுவாகிப் போகிற பார்க்கின்சன் நோயைப் பற்றி இரவெல்லாம் படித்தேன். அந்த நோயை 1817இல் முதன்முதலாக எழுதி வைத்த ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டன் ஹாக்ஸ்டன்காரர். தினமும் ஆபீஸ் போகிற ரயிலில் நான் கடக்கிற ஸ்டேஷன் அது. அவர் விவரித்த ஆறு பேரில் சிலர் வைத்தியத்துக்கு வந்தவர்கள்கூட இல்லை, தெருவில் நடந்து போனவர்கள். பார்த்தே சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா, அம்மா, கவர், மஞ்சள் பை சகிதம் மறுபடி போனோம். டாக்டர் வார்டு முடித்து வர ஏழேகால். சராசரியாக ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம், நடுவில் அவசர கேஸ் இரண்டு. அந்த ஹாலில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் லண்டனில் இருந்து பாரிஸ் போய்த் திரும்பியிருக்கலாம். எதிரே சுவரில் பக்கவாதம் பற்றி ஒரு போஸ்டர்: வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ நாலரை மணி நேரத்துக்குள் வாருங்கள், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி அதற்குள்தான். பக்கத்தில் இருந்தவர் வேதாரண்யம். அவருடைய அம்மாவுக்குக் காலையில் வாய் கோணியது. மந்திரிக்கக் கூட்டிப் போய்விட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் கார் பிடித்தார்களாம். ஊசி போடவில்லை. அவர் அந்தப் போஸ்டர் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

இந்தப் பக்கம் மன்னார்குடி வாத்தியார் ஒருவர், டோக்கன் 44. பார்க்கின்சன் வந்து ஆறு வருஷம். சரியாக எட்டு மணிக்கு அவர் போனில் அலாரம் அடித்தது. சட்டைப்பையில் இருந்து அந்த நோய்க்கான லெவோடோபா மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்தார். எட்டரைக்கு டிபன் டப்பாவைத் திறந்தார். "பருப்போட போட்டா ஏறாது தம்பி. அரை மணி முன்னாடி போட்டுடணும். இல்லன்னா ராத்திரி படுக்கையில புரள முடியாது." அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவைப் பார்க்கவில்லை.

பத்து நாற்பதுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்தேன்.

"நீங்க பிடிக்காதீங்க. ஐயா தானா வரட்டும்." உள்ளே இருந்து குரல். கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, அப்பா ஹாலைக் கடந்து வருவதை நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் டாக்டர். எம்ஆர்ஐ கவரை நீட்டினேன், வாங்கி மேசையில் வைத்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். பின்னால் நின்று தோளைச் சட்டென்று இழுத்தார், அப்பா இரண்டு அடி பின்னால் போய் நின்றார். வட்டம் வட்டமாக வரையச் சொன்னார். அப்பா வரைந்தது உடைந்த முறுக்கு மாதிரி இருந்தது.

"நடுக்கம் முதல்ல எந்தக் கையில வந்துச்சு?"

"ரெண்டுலயும்தான்" என்றார் அம்மா.

"தூக்கத்துல கத்துறது, உதைக்கிறது?"

"குறட்டை மட்டும்தாங்க."

"ஐயா, காப்பி வாசனை தெரியுதா?"

அப்பாவுக்கு அன்று முதன்முறையாகக் குரல் எழும்பியது. "பக்கத்து வீட்டுல சிக்கரி கூடப் போட்டா எனக்கு இங்க தெரியும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லா மாத்திரையும் கொண்டாந்திருக்கீங்களா?"

அம்மா மஞ்சள் பையை நீட்டினார். ஏதோ திருவாரூர்க் கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. டாக்டர் அதை அப்படியே மேசையில் கவிழ்த்தார். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, தைலம், பூனைக்காலிப் பொட்டலம், ஒரு சில்லறை ரூபாய் எல்லாம் உருண்டன. பொட்டலத்தை முகர்ந்து பார்த்துத் தனியாக வைத்தார். "இதுலயும் லெவோடோபா இருக்கு, அளவு தெரியாம குடுக்காதீங்க." அப்புறம் ஒரு அட்டையை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். கேஸ் மாத்திரை. நெஞ்செரிச்சலுக்கு.

"இது எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

ரேபெப்ரசோல் என்ற பேருக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பேர் இருந்தது. லெவோசல்பிரைடு. நகத்தால் அதற்கு அடியில் கோடு போட்டுக் காட்டினார். "இது வயித்துல இருக்கிறதை வேகமா கீழ தள்ளும். மூளையில, கை கால் அசைவுக்கு வேண்டிய டோபமைனை மறிச்சு ஆளை மெதுவாக்கிடும். பாத்தா அப்படியே பார்க்கின்சன் மாதிரி இருக்கும். ரெண்டு கையிலயும் ஒண்ணா வரும், வாசனை போகாது. இதுக்குன்னே நான் தனி டோக்கன் போடலாம்." எழுதிக் கொடுத்த டாக்டர் எத்தனை நாளுக்கு எழுதினார் என்று கேட்டார். சீட்டை எடுத்துப் பார்த்தோம். பதினைந்து நாள்.

"அப்புறம் யாரு வாங்கினது?"

அம்மா என்னைப் பார்த்தார்.

நான்தான். சீட்டை ஒரு தடவை மருந்து வாங்கும் ஆப்பில் ஏற்றிவிட்டு, மாதா மாதம் தானாக வீட்டுக்கு வரும்படி லண்டனில் இருந்து ஏற்பாடு செய்திருந்தேன். காலி அட்டையைக் கடையில் காட்டி மருந்து வாங்குகிற பழக்கத்தை அம்மாவிடம் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். கடைக்காரராவது பதினாலு மாதத்தில் ஒரு தடவை, இன்னுமா சாப்பிடுகிறார் என்று கேட்டிருப்பார். ஆப்புக்கு அந்த வேலை இல்லை. எனக்குச் சலுகைப் புள்ளி வேறு கொடுத்தது.

திரும்பும்போது காரில் தேடிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே ரகமான மெட்டோகுளோப்ரமைடு என்ற வாந்தி மாத்திரையை ஐந்து நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013லேயே சொல்லியிருக்கிறது. நான் இருக்கிற ஊரில் எனக்கே ஐந்து நாள்தான் கொடுப்பார்கள்.

டாக்டர் அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொன்னார், புதிதாக ஒன்றும் எழுதவில்லை. எம்ஆர்ஐ கவரைக் கடைசியில் எடுத்து இரண்டு நொடி பார்த்தார். பார்க்கின்சனாகவே இருந்தாலும் சாதாரண எம்ஆர்ஐயில் பெரும்பாலும் தெரியாதாம், வேறு கோளாறு இல்லை என்று பார்ப்பதற்குத்தான். "சில பேருக்கு ஒரு மாசத்துல விட்டுடும், சிலருக்கு ஆறு மாசம் ஆகும். சிலருக்கு இந்த மாத்திரைக்குப் பின்னாடி நெஜ பார்க்கின்சன் ஒளிஞ்சிருக்கும், அதை இப்ப சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு வாங்க." பீஸ் அறுநூறு ரூபாய். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். மன்னார்குடி வாத்தியார் மருந்துக் கடை வாசலில் நின்று, என்ன சொன்னார் என்று கையால் கேட்டார். என்ன பதில் காட்டுவது என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இதை எழுதும்போது ஒன்பது வாரம் ஆகிறது. இடது கை நடுக்கம் நின்றுவிட்டது. வலது கை இன்னும் விட்டபாடில்லை. வீடியோ காலில் அப்பா தம்ளரை வலது கையிலேயே பிடித்துக் காட்டுகிறார், அம்மா கேமராவை இடது பக்கம் திருப்புகிறார்.

அடுத்த மாதம் மறுபடி காட்ட வேண்டும். நான் அங்கே இருக்க மாட்டேன். கார் ஓட்டும் தம்பிக்குப் போன் செய்து, விடிகாலையில் போய் நோட்டில் பேர் எழுத முடியுமா என்று கேட்டேன். பெட்ரோல் போக முந்நூறு, காலை டிபன் என்று பேசி முடித்தோம். போனை வைப்பதற்கு முன் கேட்டான், "அண்ணே, முதல் நாள் ராத்திரியே போய் ஒரு செங்கல் வச்சிட்டு வந்துடவா?"