பால் பவுடர் டப்பாவும் ஒரு வைஃபை அடாப்டரும்

மாடி அறைக்கு வைஃபை சரியாக எட்டாததால், ஆன்டெனாவைக் கழற்றி மாற்றக்கூடிய யூ.எஸ்.பி. அடாப்டர் ஒன்றை வாங்கி, 9 செ.மீ. விட்டமுள்ள பால் பவுடர் டப்பாவில் நானே ஆன்டெனா செய்து இணைத்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ. என்பதால், அதில் கால் பங்கான 3.1 செ.மீ. செம்புக் கம்பியை, டப்பாவின் அடியிலிருந்து 5 செ.மீ. தள்ளித் துளையிட்டு, தகரத்தைத் தொடாதபடி உள்ளே நிறுத்த வேண்டும். டப்பாவின் வாய் ரூட்டரை நோக்கியபோது சிக்னல் மைனஸ் 82-இலிருந்து மைனஸ் 73 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்) ஆக உயர்ந்தது. சற்றே திருப்பினாலும் சரிந்தது.

அடாப்டரின் இணைப்பு முனை உறுதியானது. ஆனால் அது ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. வகை (எஸ்.எம்.ஏ. என்ற திருகு இணைப்பில் நடு ஊசியும் துளையும் இடம் மாறியது) என்று பெட்டியில் குறிப்பிடாததால், டப்பாக் கம்பியை அடாப்டருடன் இணைக்க முதலில் வாங்கிய சாதாரண எஸ்.எம்.ஏ. கேபிள் திருகில் பொருந்தியும், இரு பக்கமும் நடுவில் ஊசியே இருந்ததால் பயனற்றுப் போனது. கேபிளை ஓரடிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. நீளம் கூடினால் கிடைத்த வலிமை அதிலேயே கரைந்துவிடும். நிலையான மேசைக் கணினிக்கு இந்த அடாப்டரைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.