பிட்லாக்கர் சாவி: கணக்கிலா, காகிதத்திலா?

பாம்பனில் மீன் ஏலக் கணக்கு எழுதும் என் மச்சானின் லேப்டாப் ஒரு காலையில் நீலத்திரையோடு நின்றுவிட்டது. பாஸ்வேர்டு எடுபடவில்லை; வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் போனிலேயே எடுத்துவிடலாம். திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் (Key ID) முதல் 8 எழுத்துகள் கணக்கில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும். சுலபம்தான். ஆனால் ஓடிபி வரும் சிம் போனோடு கடலில் விழுந்திருந்தால்?

சாவியை முன்பே குறித்துவைத்த காகிதத்துக்கு அந்தக் கவலையில்லை. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி, பார்த்துத் தட்டலாம். நான் காகிதத்தின் பக்கம்தான். உப்புக்காற்றில் தாள் நமத்து மை ஊறும். அதனால் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் மட்டும் வேண்டாம். இரண்டு இடத்திலும் சாவி இல்லையென்றால், வட்டை அழித்து விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டியதுதான்; ஏலக் கணக்கு திரும்பாது.