ஆடிப்பட்டமும் அடைமழையும்: கோவை முதியோர் மையம் ஒன்றின் சொல்விளையாட்டு வகுப்பு

கோயம்புத்தூரின் மேற்குப் பகுதியில் உள்ள முதியோர் பகல்நேர மையம் ஒன்று, தமிழ் மாதங்களை ஒட்டி வாரம் இருமுறை சொல்விளையாட்டு வகுப்பு நடத்துகிறது. கடந்த ஆடி முதல் என் மாமியாரை அங்கே அழைத்துச் சென்று வருகிறேன். அவருக்கு வயது எழுபத்தெட்டு. குறைகளையும் எழுதவிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சொல்விளையாட்டுப் பகுதி மிக நன்றாக இருக்கிறது, ‘மூளைப் பயிற்சி’ என்று தனியாக விளம்பரப்படுத்தப்படும் பகுதி சுமார்தான், வாங்கும் கட்டணம் நியாயமானது.

வகுப்பின் அடிப்படை எளியது. ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தப் பருவத்தின் மழை, காற்று, விதைப்பு, சமையல், பூச்சி, பூ என்று ஒரு சொற்களம் அமைத்துக்கொண்டு, பழமொழி நிரப்புதல், விடுகதை, சொல் தொடர்ச்சி, எழுத்துக் கட்டம் ஆகியவற்றை அந்தக் களத்துக்குள்ளேயே நடத்துகிறார்கள். ஆடியில் ‘ஆடிக் காற்றில்’ என்று ஒருங்கிணைப்பாளர் தொடங்கினால் ‘அம்மியும் பறக்கும்’ என்று அறையே முடிக்கிறது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதோடு நில்லாமல், அந்தப் பட்டத்தில் அவரவர் தோட்டத்தில் என்ன விதைத்தார்கள் என்ற பேச்சுக்கு வகுப்பு நகர்கிறது. மழை மாதங்களில் ‘மழையோடு வருகிற மஞ்சள் புறாவை வெட்டினாலும் ரத்தம் வராது’ என்ற விடுகதைக்கு ஈசல் என்று விடை சொன்ன ஒரு பெரியவர், ஈசலை எப்படிப் பிடிப்பார்கள், எப்படி வறுப்பார்கள் என்பதைச் சொல்லி முடிக்கவே நெடுநேரம் ஆயிற்று. யாரும் அவரை இடைமறிக்கவில்லை என்பதை இந்த வகுப்பின் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன். வந்திருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பதில் பாதிகூட ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியாது; அதை அவர் மறைப்பதும் இல்லை.

இருப்பதிலேயே சிறந்த விளையாட்டு சொல் தொடர்ச்சிதான். ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும் என்பது பாட்டுக்குப் பாட்டு கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் புதிதன்று. ஆனால் தமிழில் இதை அப்படியே ஆட முடியாது. மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ழ, ள, ற, ன, ண வரிசைகளும் சொல்லுக்கு முதலில் வாரா. நம் சொற்களோ பெரும்பாலும் அவற்றிலேயே முடிகின்றன. ஆகவே, தொடங்க இயலாத எழுத்து வந்தால் ஒவ்வோர் எழுத்தாகப் பின்னோக்கி வந்து, தொடங்கக்கூடிய முதல் எழுத்தின் வரிசையை எடுத்துக்கொள்ளலாம் என்று இந்தக் குழு தானே ஒரு விதி வகுத்திருக்கிறது. ஐப்பசியில் மழை தொடர்பான சொற்கள் மட்டும் என்ற வரம்புடன் ஆடியபோது தூறல், தவளை, வானவில், விதை, தட்டான் என்று தொடர் சென்றது. தட்டான் மழைச்சொல்லா என்று ஒருவர் மறுக்க, தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று எதிர்வரிசையிலிருந்து உடனே சான்று வந்தது. கடைசி எழுத்தைக் கழித்துப் பார்ப்பது, வரிசையை நினைவில் நிறுத்துவது, களத்துக்குள் சொல் தேடுவது, தேடிய சொல்லுக்காக வாதாடுவது ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. விலை உயர்ந்த செயலி எதிலும் இவ்வளவு வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எழுத்துக் கட்டத் தாள்கள் இந்தத் தரத்தில் இல்லை. எழுத்து பெரிதாக அச்சாகியிருக்கிறது, கோடுகள் தெளிவாக இருக்கின்றன; ஆனால் ஆங்கிலத்துக்காக உருவாக்கிய ஏதோ ஒரு கணினிக் கருவியில் தயாரித்திருப்பார்கள் போலும், சில தாள்களில் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனிக் கட்டங்களில் நிற்கின்றன. ‘கொழுக்கட்டை’ என்ற சொல்லை அப்படிச் சிதைந்த நிலையில் தேடச் சொல்வது கண்ணையும் பொறுமையையும் சோதிப்பதேயன்றி வேறொன்றுமில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கையாலேயே கட்டம் வரைந்து தரத் தொடங்கிய பிறகு நிலைமை தேறியிருக்கிறது. அச்சுத் தாள்களை மையம் கைவிட்டாலும் இழப்பில்லை.

தை பிறப்பதற்குச் சற்று முன் நடந்த வகுப்பைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். காப்புக் கட்டும் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் மேசைமேல் வைத்து, தொட்டும் முகர்ந்தும் பார்த்துப் பேசச் சொன்னார்கள். எங்கெங்கே காப்புக் கட்டுவார்கள் என்று கேட்டபோது வீட்டு முகப்பு, தொழுவம், தோட்டம் என்று பட்டியல் நீண்டது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு அம்மா, தம் ஊரில் இந்த வழக்கம் இல்லை என்று தொடங்கித் தம் வீட்டுப் பொங்கலை விவரித்தார். வழக்கமாக வாய் திறக்காத அவர், தமக்குத் தெரியாத ஒன்றை வகுப்பு முன்வைத்ததால்தான் பேசினார்.

இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. லேசானது முதல் நடுத்தரமானது வரையிலான மறதிநோய் உள்ளவர்களுக்காக இங்கிலாந்தில் உருவான அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை என்ற குழுமுறையில், விவரத்தைக் கேட்காதே, கருத்தைக் கேள் என்பது ஒரு கொள்கை. ஏழு வாரங்களில் 14 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிடம், உணவு, குழந்தைப் பருவம், ஒலி, பணம், சொல்விளையாட்டு என ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு பொருள் என்பது அதன் வடிவம். 201 பேரை வைத்து நடத்திய அதன் முதல் பெரிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. சிந்தனைத் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் தெரிந்தது. சென்னையில் இயங்கும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப், இந்த முறையை நம் சூழலுக்கு ஏற்ப மாற்றிச் சோதித்த அனுபவத்தை 2017இல் வெளியிட்டது. எங்கள் மையத்தின் வகுப்பு அந்தச் சிகிச்சையாகாது. அதற்குரிய பயிற்சி பெற்றவர் இங்கே இல்லை. ஆயினும் “இது என்ன மாதம்?” என்று கேட்பதை விட்டு “மார்கழிக் குளிர் நல்லதா, சித்திரை வெயில் நல்லதா?” என்று கேட்கும் நாட்களில் வகுப்பு களைகட்டுவதற்கான காரணம் அந்தக் கொள்கையில் இருக்கிறது. முதல் கேள்விக்கு விடை தவறினால் தலைகுனிவு. இரண்டாவதில் தவறவே வழியில்லை.

இனி அந்த ‘மூளைப் பயிற்சி’. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே கால்களை மாற்றி மாற்றி வைத்து, மூன்றின் மடங்கு வரும்போது கைதட்டும் பயிற்சி, ஜப்பானின் தேசிய முதியோர் நல மையம் உருவாக்கிய, உடலையும் மூளையையும் சேர்த்து இயக்கும் காக்னிசைஸ் என்ற முறையைத் தழுவியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்ய வைக்கிறார்கள், சிரிப்பும் வருகிறது. எனக்கு மறுப்பு, சுவரில் ஒட்டியிருக்கும் ‘மறதியை வெல்லுங்கள்’ என்ற விளம்பரத்தின்மேல்தான். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 2,832 பேரிடம் நடத்திய ஆக்டிவ் என்ற ஆய்வில், ஒவ்வொரு பயிற்சியும் பெரும்பாலும் தான் பழக்கிய திறனை மட்டுமே வளர்த்தது. பத்தாண்டுக்குப் பின் பார்த்தபோது தருக்கப் பயிற்சியின் பலனும், கண்டதை விரைந்து உணரும் வேகப் பயிற்சியின் பலனும் எஞ்சியிருந்தன, நினைவாற்றல் பயிற்சியின் பலன் எஞ்சவில்லை. லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியின் நிறுவனம், முதுமை மறதி குறித்துச் சான்றின்றி விளம்பரம் செய்தது என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, 2016இல் அந்நாட்டு வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. இவற்றுக்குப் பிறகும் கோவையில் ஒரு சுவரொட்டி இப்படிப் பேசுவது சரியாகப் படவில்லை. பெற்றோரின் மறதி திடீரென்று கூடினால் முதலில் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை. பி12 குறைபாடு, தைராய்டு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கலாம்.

மற்றொரு குறை, பருவத்தையும் பண்டிகையையும் ஒன்றாக்கிவிடுவது. மழையும் பனியும் மாம்பழமும் எல்லோருக்கும் பொது, நவராத்திரி அப்படியன்று. கொலு தொடர்பான சொற்களையே இரண்டு வாரம் ஆடியபோது, குழுவில் இருக்கும் இஸ்லாமியப் பெரியவர் ஒருவரும் கிறிஸ்தவ அம்மா ஒருவரும் வெறுமனே அமர்ந்திருந்தார்கள். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்ற பழமொழியை எடுத்த நாளில் அதே இருவர்தாம் அதிகம் பேசினார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளைக் கையில் வைத்திருக்கும் நமக்குப் பொதுக் களத்துக்குப் பஞ்சமில்லை. இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பங்குனி அட்டவணையில் ஓரளவு மாற்றம் தெரிகிறது.

நடத்தும் விதத்தில், முதன்மை ஒருங்கிணைப்பாளர் எல்லோரையும் ‘அம்மா’, ‘ஐயா’ என்று அழைத்து நிதானமாகப் பேசுகிறார். உதவிக்கு வரும் கல்லூரி மாணவர்கள் விடை சொன்னவுடன் ‘சூப்பர் தாத்தா’ என்று கைதட்டி ஒட்டுநட்சத்திரம் கொடுக்கிறார்கள். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அந்த நட்சத்திரத்தை வாங்கி மேசையின் அடிப்புறத்தில் ஒட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். குழுவின் அளவும் பெரிது. சில நாட்களில் பதினைந்து பேர் வரை சேர்ந்துவிடுகிறார்கள். மின்விசிறி இரைச்சலில் பின்வரிசைக்குக் கேள்வியே எட்டுவதில்லை, கேட்காதவரை மறந்தவர் என்று மற்றவர்கள் எண்ணிவிடுகிறார்கள். எட்டுப் பேருக்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்து நடத்த வேண்டும்.

கட்டணம் மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய். இடைவேளையில் தரும் சர்க்கரை இல்லாத சுக்குக் காப்பியும் சுண்டலும் அதில் அடக்கம். வாகன வசதி இல்லை. நுழைவாயிலில் மூன்று படிகள் உள்ளன, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்தான். நடையும் பேச்சும் ஓரளவு சீராக இருப்பவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மறதிநோய் முற்றியவர்களுக்கு இது ஏற்றதன்று. அவர்களுக்குப் பயிற்சி பெற்றவர் நடத்தும் சிறு குழு தேவை. ஒரு நாள் இலவசமாக உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். பண்டிகை வாரத்தைத் தவிர்த்துச் சாதாரண வாரமாகப் பார்த்துச் செல்லுங்கள், படிக்கும் கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், முன்வரிசையில் இடம் பிடிக்கப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள்.