நிலாவரை, கீரிமலை, இரணைமடு, தென்மேற்கு ஓடைகள்: நன்னீருக்குள் எங்கே இறங்கலாம்?

நன்னீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முகக்கண்ணாடி அணிந்து பார்க்க விரும்பும் யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைக்கும் தெரிவுகள் சில மட்டுமே. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் கலந்துவிடும். பெய்யும் மழையில் பெரும்பங்கைச் சுண்ணக்கல் உறிஞ்சி நிலத்துக்கு அடியில் வைத்துக்கொள்கிறது. ஆகவே, அந்த நிலத்தடி நீர் வெளியே தெரியும் நிலாவரையும் கீரிமலையும், வன்னிக்குப் போனால் இரணைமடுக் குளமும், நெடும்பயணத்துக்குச் சலிக்காதவருக்குத் தென்மேற்கு மழைக்காடுகளின் ஓடைகளும் இங்கே ஒப்பிடத்தக்கவை.

இவற்றுள் மனத்தை மிகுதியாக இழுப்பது நிலாவரை. வரிசையில் கடைசியாக வைக்கவேண்டியதும் அதுவே. புத்தூரை அண்டிய நவக்கிரியில், மேலிருந்து பார்ப்பவருக்கு அசைவற்றுக் கிடக்கும் இந்தக் கிணறு நூற்றைம்பது அடிக்கு மேல் ஆழமானது. வானர சேனையின் தாகம் தீர்க்க இராமன் அம்பெய்து உண்டாக்கினான் என்பதும், இங்கே போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்து வரும் என்பதும் ஊர்க்கதைகள். சுழியோடியின் கவலை வேறு. குடாநாட்டின் நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு படலம்; நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீற்றர் உயர்ந்திருந்தால் அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கலாம் என்பது நிலநீரியலின் பொதுக் கணக்கு. அந்த உயரம் நம்மிடத்தில் சொற்பம் என்பதால், நிலாவரையில் ஆழம் கூடக்கூட நீர் உவர்ப்பாகிவிடுகிறது. இரண்டு நீரும் கலக்கும் மட்டத்தில் ஒளி சிதறிக் காட்சி கலங்கும். மூழ்குவதற்கான எடையாக நன்னீருக்கு அளவாக ஈயம் கட்டிக்கொண்டு இறங்கியவரை, அடர்த்தி கூடிய உப்புநீர் மேல்நோக்கித் தள்ளும். பொழுதுபோக்குச் சுழியோடலுக்கு வகுக்கப்பட்ட உச்ச எல்லையே 40 மீற்றர்தான் என்பதையும், சுண்ணக்கல் பொந்துகளுக்குள் நுழைந்தவருக்கு நேரே மேலெழ வழியில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது குகைச் சுழியோடலில் தனிப்பயிற்சி பெற்றோருக்கு மட்டும் உரிய இடம் என்பது விளங்கும். அத்தகையோர் சிலிண்டரிலுள்ள காற்றில் மூன்றிலொரு பங்கை உள்ளே போகவும், ஒரு பங்கை வெளியே வரவும் ஒதுக்கி, மிகுதியைத் தொடாமல் வைப்பார்கள். வழிகாட்டும் கயிற்றைக் கைவிடமாட்டார்கள். அந்தப் பயிற்சியும் உரிய அனுமதியும் இல்லாதவர் நிலாவரையைக் கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கீரிமலை இதற்கு நேரெதிரானது. மதிலுக்கு அப்பால் கடல் அடித்துக்கொண்டிருக்க, இப்பால் நிலத்தடி ஊற்று நிரப்பும் கேணியில் படி உண்டு, சுற்றிலும் ஆட்கள் உண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம் உண்டு. பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் முகத்தை நீருக்குள் வைத்தபடி சுவாசக்குழலால் மூச்சு விடவும், குழலுக்குள் புகுந்த நீரை ஊதி வெளியேற்றவும் பழகுவதற்கு இதைவிட வசதியான நன்னீர் குடாநாட்டில் வேறு இல்லை. ஆடி அமாவாசையிலும், அந்தியேட்டிக் கிரியைக்குக் குடும்பங்கள் வந்து நிற்கும் காலை வேளைகளிலும் முகக்கண்ணாடியோடு அங்கே இறங்குவது அழகல்ல. நம் இளைஞர்களின் ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும்: யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று பந்தயம் கட்டி, மூழ்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்குவார்கள். இதனால் உடலில் ஒட்சிசன் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை, காபனீரொட்சைட்டுத்தான் குறைகிறது. மூச்சு விடவேண்டும் என்ற உந்துதலைத் தருவது அந்த வாயு என்பதால், உந்துதல் வருமுன்னரே நினைவு தப்பிவிடும். ஆழமில்லாத கேணியிலும் உயிர் போவது இப்படித்தான்.

இரணைமடு அளவில் பெரியது. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். ஆனால் கனகராயன் ஆறு மாரியில் கொண்டுவரும் மண் நீரைக் கலக்கிவிடும், கோடையில் நீர் வற்றி அடிச்சேறு கிளம்பும். இடைப்பட்ட தை, மாசி மாதங்களிலும் நீட்டிய கை தெரிந்தால் போதும் என்ற நிலையே இருக்கக்கூடும். மீன்வலைகளும் நீரில் அமிழ்ந்த மரக்கிளைகளும் காலில் சிக்கும். வன்னிக் குளங்களில் முதலைகள் உண்டு. நீரைத் திறந்துவிடும் துருசின் (மதகின்) அருகே உள்ளிழுக்கும் நீரின் விசை மேற்பரப்பில் தெரியாது. அதில் இறங்குவதைவிட அணைக்கட்டில் நடப்பதே மேல்.

என் தெரிவு தென்மேற்கு ஓடைகள். சிங்கராஜக் காட்டை அண்டிய பகுதிகளிலும் களனி கங்கையின் கிளைகளிலும், நிழல் விழும் முழங்காலளவு நீரில் கூழாங்கற்களுக்கு மேல் குப்புற மிதந்தாலே போதும். உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் செரி பார்ப், கருங்கோடுகளுடைய பிளாக் ரூபி பார்ப் ஆகியவற்றின் சொந்த வீடு இந்த ஓடைகள்தான். தொட்டியில் சோர்ந்து திரியும் மீன், இனப்பெருக்க நிறம் ஏறி ஓடும் நீரை எதிர்த்து நிற்பதைப் பார்ப்பது வேறு அனுபவம். முகக்கண்ணாடிக்குள் எல்லாம் மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தெரிவதால், விரலளவு மீனும் ஏமாற்றாது. செலவும் அலைச்சலும் அதிகம் என்பது மறுக்கமுடியாத குறை. தென்மேல் பருவமழைக் காலத்தைத் தவிர்த்து, தை முதல் பங்குனிக்குள் போவது நல்லது. களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலைப் பக்கம், மேலே உள்ள மின்நிலையங்கள் நீரைத் திறந்துவிட்டால் ஆறு சடுதியாக உயரும் என்பதால், உள்ளூரவரிடம் நேரம் கேட்டறியாமல் பிரதான ஆற்றில் கால் வைக்கக்கூடாது.

சிலிண்டர் கட்டிச் சுழியோடக் கற்க விரும்புவோருக்கு இந்த நான்கும் பொருந்தா; திருகோணமலைக் கடலே அதற்கு ஏற்றது. கடலில் பழகியவர் பின்னர் நன்னீரில் இறங்கினால், உப்புநீரைவிட அடர்த்தி ஏறத்தாழ இரண்டரை வீதம் குறைவு என்பதால், கருவிகளோடு 80 கிலோ நிறையுள்ளவர் 2 கிலோ அளவில் ஈயத்தைக் குறைக்கவேண்டும். மிதப்பும் அந்த அளவுக்குக் குறைவு என்பதால், ஓடையில் வெறும் குழலோடு மிதப்பவரும் உயிர்காப்பு அங்கி அணிவது நல்லது.

எந்த நன்னீரானாலும் எலிக்காய்ச்சல் ஒரு பொது அபாயம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்திலேயே அது உயிர்களைக் காவுகொண்டது. உடலில் கீறலோ புண்ணோ உள்ளவர் இறங்காதிருப்பதும், வெள்ளம் வடிந்த கையோடு நீருக்குள் போகாதிருப்பதும், போகுமுன் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்பதும், திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் நீரில் இறங்கிய விபரத்தை அவரிடம் சொல்வதும் அவசியம்.