செய்முறை இயற்பியல் புத்தொளிப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

இந்தியாவின் 3 அறிவியல் அகாதமிகள் இணைந்து கல்லூரி ஆசிரியர்களுக்கு நடத்தும் 2 வாரச் செய்முறை இயற்பியல் புத்தொளிப் பயிற்சியின் தனிச்சிறப்பு, விரிவுரையைக் காட்டிலும் ஆய்வக வேலைக்கே முதலிடம் தருவதாகும். வெவ்வேறு நிற எல்.இ.டி. விளக்குகள் ஒளிரத் தொடங்கும் மின்னழுத்தத்தை அளந்து, அதை ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக வரைபடமாக்கி, ஒளித்துகளின் ஆற்றலை அதன் அதிர்வெண்ணோடு இணைக்கும் எண்ணான பிளாங்க் மாறிலியைக் கணக்கிடும் சோதனையில், விடை சற்றே விலகும்போது அப்பிழை எங்கிருந்து நுழைந்தது என்று வாதிடுவதுதான் உண்மையான பாடம். நம் கல்லூரிகளிலோ ரெக்கார்டு நோட்டில் சரியான எண் இருந்தால் போதும். பதவி உயர்வுக்கான சான்றிதழுக்காகக் கேமராவை அணைத்துவிட்டு உட்காரும் இணையவழி வகுப்புகளோடு இப்பயிற்சியை ஒப்பிடவே இயலாது. ஆனால், நான் பங்கேற்றபோது இடமளித்த கல்லூரியில் மின்தடை அடிக்கடி குறுக்கிட்டதால், சில அளவீடுகளை முதலிலிருந்து மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று.