லீனியரா, கன்ஸ்ட்ரெயின்ட்டா, கம்போஸா: எது எப்படி விழும்?

ஆண்ட்ராய்டு ஆப் கிராஷ் ஆனால் முதலில் நெட்வொர்க்கைத் திட்டுவோம், அப்புறம் சர்வரை. திரையில் எது எங்கே என்று சொல்லும் லேயவுட் மேல் சந்தேகம் கடைசியாகத்தான் வரும். நான் கைவைத்த ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்றில் அதுதான் காரணம். மேலே பேனர், கீழே முந்நூறு பொருட்களின் பட்டியல். இரண்டும் சேர்ந்து நகர வேண்டும் என்று பட்டியலைக் காட்டும் ரீசைக்ளர்வியூவைத் தூக்கி, உள்ளிருப்பதை மொத்தமாக நகர்த்தும் நெஸ்டட் ஸ்க்ரோல்வியூவுக்குள் போட்டிருந்தோம். எங்கள் போன்களில் ஓடியது. 2 ஜிபி ரேம் போனில் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

கண்ணுக்குத் தெரிகிற வரிசைகளை மட்டும் உருவாக்கி, மேலே போனதைக் கீழே திரும்பப் பயன்படுத்துவதுதான் ரீசைக்ளர்வியூவின் வேலை. வெளியே இருக்கும் ஸ்க்ரோல்வியூ 'உயரத்துக்கு வரம்பில்லை' என்று சொன்னதும், அது முந்நூறு வரிசையையும் படங்களோடு ஒரே மூச்சில் உருவாக்கிவிட்டது. மெமரி தீர்ந்தது.

திருத்தி எழுத உட்கார்ந்தபோது திரையை அமைக்க மூன்று வழிகள் இருந்தன.

வியூக்களை (எழுத்து, படம், பொத்தான் போன்ற திரை உறுப்புகளை) வரிசையாக வைக்கும் லீனியர் லேயவுட் எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். தொல்லையும் அங்கேதான். இடத்தை விகிதப்படி பங்கிட வெயிட் கொடுத்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு குழந்தை வியூவையும் இரண்டு முறை அளக்கிறது. அப்படிப் பத்து அடுக்கு போட்டால், கணக்குப்படி அடியில் இருக்கும் வியூவை 1,024 முறை அளக்க வேண்டியிருக்கும். முன்பு அளந்ததை நினைவில் வைக்கும் கேஷ் கொஞ்சம் காப்பாற்றும், முழுக்க அல்ல. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி விநாடி. அதைத் தாண்டினால் திக்கும். திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெட் மாட்டிக்கொண்டு, விரல் தொட்டு 5 விநாடி பதில் இல்லாவிட்டால் 'ஆப் பதிலளிக்கவில்லை' பெட்டி வந்துவிடும். அடுக்கு பத்தைத் தாண்டினாலோ, ஒரே லேயவுட்டில் 80 வியூவுக்கு மேல் போனாலோ, நிரலைச் சோதிக்கும் லின்ட் கருவி மஞ்சள் கோடு போட்டு எச்சரிக்கும். அந்தக் கோட்டை யார் மதிக்கிறார்கள்?

கன்ஸ்ட்ரெயின்ட் லேயவுட் 2016 கூகுள் ஐ/ஓ மாநாட்டில் அறிமுகமாகி, 2017 பிப்ரவரியில் 1.0 ஆனது. அடுக்கே வேண்டாம், எல்லா வியூவும் ஒரே தளத்தில், 'நான் இவருக்கு வலப்பக்கம், அவருக்குக் கீழே' என்று உறவு சொல்லிக்கொள்ளும். சிக்கலான படிவங்களுக்கு இதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் ஒரு ஐகானும் இரண்டு வரி எழுத்தும் மட்டுமே உள்ள வரிசைக்கு இது வீண் செலவு. அங்கே லீனியரே போதும். எங்கள் கிராஷுக்கும் இது மருந்தல்ல, ஏனென்றால் ஸ்க்ரோலுக்குள் ஸ்க்ரோல் என்ற தப்பு அப்படியே இருக்கும்.

2021 ஜூலையில் 1.0 ஆன ஜெட்பேக் கம்போஸ் வேறு ரகம்: தனி லேயவுட் கோப்பு இல்லாமல் திரையை நிரலாகவே எழுதுவது. ஒரு குழந்தையை ஒரே சுற்றில் இரண்டு முறை அளக்கப் பார்த்தால் அந்த இடத்திலேயே எக்ஸெப்ஷன் (பிழை) எறியும். அதனால் அடுக்கு ஆழமானாலும் அளக்கும் வேலை பெருகுவதில்லை. நாங்கள் செய்த அதே தப்பை, அதாவது செங்குத்தாக நகரும் Column-க்குள், தெரிகிற வரிசைகளை மட்டும் உருவாக்கும் LazyColumn பட்டியலை உயரம் குறிக்காமல் வைப்பதைச் செய்தால், உயரம் எல்லையில்லாமல் இருக்கிறது என்று முதல் ஓட்டத்திலேயே கிராஷ் ஆகும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது எனக்குப் பிடித்ததே இந்தக் கறார்தான். பழைய முறை வாடிக்கையாளரின் கையில் விழுந்தது, இது என் மேசையில் விழுகிறது.

மூன்றிலும் நடக்கக்கூடிய ஒரு கூத்தும் உண்டு: ஒரு லேயவுட் தன்னையே உள்ளே அழைத்துக்கொள்வது. நாமே எழுதிய கஸ்டம் வியூ ஒன்று ஏற்றும் எக்ஸ்எம்எல் லேயவுட் கோப்புக்குள் அதே வியூ உட்கார்ந்திருந்தால், அழைப்புகளைக் கணக்கு வைக்கும் ஸ்டாக் நிரம்பி விழும். கம்போஸிலும் ஒரு ஃபங்ஷன் நிபந்தனையில்லாமல் தன்னையே கூப்பிட்டால் இதே கதி.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? ஒரே திரைக்காக ஆப் முழுவதையும் கம்போஸுக்கு மாற்ற நேரமில்லை. ஸ்க்ரோல்வியூவைக் கழற்றிவிட்டு, பட்டியல்களை ஒன்றாகச் சேர்க்கும் கான்கேட் அடாப்டர் வழியாக பேனரைப் பட்டியலின் முதல் வரிசையாக்கினோம். படிவத் திரை கன்ஸ்ட்ரெயின்ட்டுக்குப் போனது. பொருள் வரிசை லீனியராகவே இருக்கிறது. புதிதாக வரும் திரைகளை மட்டும் கம்போஸில் எழுதுகிறோம். ஒவ்வொன்றும் முதலில் ஓடுவது அந்த 2 ஜிபி போனில்தான்.